ஒருவர் போதாது

ஸ்காபரோ, கனடா



சென்ற மடலைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். இப்போது என்ன பார்க்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், யாரைப் படித்து எழுத வந்தீர்கள் என்று மூன்று கேள்விகள். எழுத விரும்பும் பிள்ளை என்பது கடிதத்திலேயே தெரிந்தது. ஆகவே இந்த மடல் முழுவதும் அவருக்கான பதில்.

முதலில் பாட்டு. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் நான் கேட்பது மாதங்கி அருள்பிரகாசத்தை. உலகுக்கு அவர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, மீண்டும் லண்டனுக்கு ஏதிலியாகப் போனவர். 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்கு, ஈழப் போராட்ட இயக்க வாழ்வில் தகப்பனார் வைத்துக்கொண்ட ‘அருளர்’ என்ற பெயரைச் சூட்டினார். 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர், ‘கலா’. அந்த இரண்டாவது தொகுப்பில் ‘பேர்ட் ஃப்ளூ’ என்றொரு பாட்டு உண்டு. அதில் அதிர்வது சென்னையில் பதிவு செய்த உருமி. கோயில் கொடையில் கேட்கும் அந்த உறுமல் லண்டன் ராப்போடு மோதும்போது, இரண்டில் எது இரவல் என்று சொல்ல முடியாது. அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்க பில்போர்ட் வரிசையில் 4ஆம் இடம்வரை ஏறியது.

2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் பாடினார். இலங்கையின் வன்னியில் போரின் இறுதி மாதங்கள் அவை. அந்த மே மாதம் ரொறன்ரோவில் எங்கள் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்து வாகனங்களை மறித்தது. அந்த நாட்களில் மேற்குலகத்துத் தொலைக்காட்சிகளில் எல்லோருக்கும் தெரிந்த ஈழத் தமிழ் முகம் என்று எம்.ஐ.ஏ.யைத்தான் சொல்ல முடியும். முழுச் சனத்தின் துயரத்தையும் ஒரு பாடகி சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எதிர்த்தரப்பு பிடித்து உலுக்கியது. அந்தப் பாரத்தோடும் அவர் துள்ளலான பாட்டைத் தந்தாரே, அதற்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

ஒருவராக நின்று பாரம் சுமக்கும் இதே தனிமையை அவருக்கு முன்பே கண்டவர் எழுத்தாளர் ஷியாம் செல்வதுரை. இலங்கையில் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தவர். 1994இல் ‘ஃபன்னி பாய்’ வெளிவந்தது. கொழும்பில் வளரும் ஆர்ஜி என்ற சிறுவன், பேரன் பேத்திகள் எல்லோரும் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மணப்பெண் விளையாட்டில் சேலை கட்டிக்கொண்டு மணப்பெண்ணாக நிற்கிறான். ஒரு நாள் அந்தக் கோலத்தோடே பெரியவர்கள் முன்னால் இழுத்து நிறுத்தப்படுகிறான். பிள்ளைகளின் விளையாட்டு ஒரே நொடியில் குடும்பத்தின் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. பெரிய வன்முறை தெருவுக்கு வருமுன் சிறிய வன்முறை வரவேற்பறைக்கு வந்துவிடும் என்பதை எனக்குக் காட்டிய பக்கங்கள் அவை.

இன்று என் மேசையில் இருப்பது வி.வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’. எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் எடுத்த நாவல். 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு, கரோல் ஷீல்ட்ஸ் பரிசு இரண்டையும் வென்றது. எண்பதுகளின் யாழ்ப்பாணம். மருத்துவம் படிக்க ஆசைப்படும் சசியின் உடம்பில் கொதிநீர் கொட்டிவிடுகிறது. அவள் அலறலைக் கேட்டு ஓடிவரும் அயல்வீட்டுப் பையன் முட்டைகளை உடைத்து வெந்த தோலின் மேல் ஊற்றுகிறான். மருத்துவம் அவனுக்கும் கனவு. பின்னால் அவன் புலிகள் இயக்கத்துக்குப் போகிறான். போர் என்ன செய்தது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்; புண்ணை ஆற்றத் தெரிந்த ஒரு கை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் போதும். நாவலில் வரும் உடற்கூற்றியல் பேராசிரியை, 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவூட்டுபவர். இயக்கம், இலங்கை இராணுவம், இந்திய இராணுவம் என்று எவரையும் இந்த நாவல் தப்பவிடுவதில்லை. அந்த நேர்மைக்கு முன்னால் என் எழுத்தை வைத்துப் பார்ப்பது எனக்கு அன்றாடப் பயிற்சி.

இனிக் கொண்டாட்டம். ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து வருகிறேன். இங்கே பக்கத்து நகரமான மிசிசாகாவில் வளர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், 15,000 பேர் போட்டியிட்ட தேர்வில் நாயகியாகத் தெரிவானவர். 2020இல் தொடங்கி நான்கு பருவங்கள் ஓடிய தொடர். கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பெண் தேவி கோபக்காரி, பொய் சொல்பவள், தோழிகளைக் காயப்படுத்துபவள். தகப்பன் தன் கண்முன்னே செத்த துக்கத்தை அழுது தீர்க்கத் தெரியாமல் வகுப்பறையில் கத்துகிறவள். “எங்கட பிள்ளைகள் இப்படியா?” என்று ஒரு கலியாண வீட்டில் ஒரு பெரியம்மா முகம் சுளித்தார். எனக்கோ அதுதான் பெரிய மகிழ்ச்சி. அவள் எங்கள் எல்லோருக்குமாக நல்ல பிள்ளையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அவள் தேவியாக இருந்தால் போதும்.

பட்டியலில் தமிழர் அல்லாத ஒருவரும் உண்டு. டேவிட் சாரியாண்டி எழுதிய ‘பிரதர்’ (2017), திரினிடாட்டிலிருந்து வந்த ஒரு தாயையும் இரண்டு மகன்களையும் பற்றிய நாவல். களம் எங்கள் ஸ்காபரோ. தொடக்கத்தில் அண்ணன் தம்பிக்கு மின்கம்பம் ஏறக் கற்றுக்கொடுக்கிறான். எந்தக் காலை எங்கே வைத்தோம், எதைப் பிடித்தோம் என்பதை வரிசையாக நினைவில் வைத்திருக்கச் சொல்கிறான். நான் பேருந்தில் கடக்கும் தெருக்களும் இலக்கியத்துக்குப் போதும் என்ற தைரியத்தை அந்தப் பக்கங்கள் தந்தன.

தமிழில் அந்தத் தைரியம் தந்தவர் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து, ஐ.நா. பணியில் பல நாடுகளில் வாழ்ந்து, இப்போது கனடாவில் இருப்பவர். ‘அக்கா’ தொகுப்பு வந்தது 1964இல். அடுத்த தொகுப்பான ‘திகடசக்கரம்’ 1995இல்தான் வந்தது. நடுவில் போன 31 ஆண்டுகளும் வீணாகவில்லை. ஆப்பிரிக்காவும் ஆப்கானிஸ்தானும் பிறகு அவர் கதைகளுக்குள் இயல்பாக நடந்து வந்தன. எழுத நேரமில்லை என்று கவலைப்படும் நாட்களில் 1964, 1995 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைத்துக்கொள்வேன்.

இவர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இது. ஒரு சனத்திலிருந்து ஒரே ஒரு கலைஞர் மட்டும் வெளியே தெரிந்தால், அவர் தூதுவராகவும் சாட்சியாகவும் வழக்கறிஞராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. கலைஞராக இருக்க மிச்சமிருக்கும் நேரம் கொஞ்சம். பலர் வந்தபின் பாரம் பங்காகிறது. 1983ஐ ஷியாம் எழுதினார். யாழ்ப்பாணத்தின் பத்தாண்டுகளைக் கணேசானந்தன் எழுதினார். ஆகவே நான் இப்போது மார்க்கம் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகள் சம்பளத்துக்காகச் சண்டை பிடிக்கும் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் போர் இல்லை. அது இல்லாமல் எழுதும் உரிமையை எனக்கு வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான்.

மதுரைத் தங்கைக்கு நான் சொல்ல விரும்புவது இதையே. உங்களுக்குப் பிடித்தவரை ஆழ்ந்து படியுங்கள், ஆனால் அவரைப் போல எழுத முயல வேண்டாம். அவர் எழுதி முடித்ததால் உங்கள் தோளிலிருந்து எது இறங்கியது என்று பாருங்கள். அவர் தொடாமல் விட்டது எது என்றும் பாருங்கள். உங்கள் கதை அங்கே இருக்கிறது. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஸ்காபரோத் தோழி