ஒன்றரை ஷிப்ட், ஒரு ஷிப்ட்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலையை மணிக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. அமெரிக்க வரி தொழிலாளியை எப்படித் தொடுகிறது என்பதை இந்த அரை ஷிப்டில்தான் பார்க்க வேண்டும் என்று பவர்டேபிள் தையல் மிஷின்களின் அருகில் நின்றபோது எனக்குத் தெளிவாயிற்று. கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுத்த துணியில் ஒருவர் தோள் சேர்க்கிறார், அடுத்தவர் கழுத்துக்கு ரிப் வைக்கிறார், இன்னொருவர் கை ஏற்றுகிறார், பேட்லாக் மிஷினில் அடிமடிப்பு விழுகிறது. கடைசியில் பெண்கள் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். ஒவ்வொரு தையலுக்கும் கூலி காசுக் கணக்கு. வார நாட்களின் ஒரு ஷிப்ட் கூலி லைன் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகிவிடும். பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் அந்த அரை ஷிப்டிலிருந்து வருபவை.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் முன்பே 16.5 சதவீத வரி உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமானது. 4 டாலருக்கு அனுப்பும் சட்டை என்று வைத்துக்கொண்டால் அப்போது வரி மட்டும் 2.66 டாலர் ஆனது. துறைமுகத்தில் அதைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே என்பார்கள். கட்டுவது அவர்தான். ஆனால் கட்டுமுன் இங்கே தள்ளுபடி கேட்கிறார், கிடைக்காவிட்டால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுகிறார். தள்ளுபடி தந்த முதலாளியின் கையில் நூல் விலையும் சாயக் கூலியும் இல்லை. அவர் கையில் இருப்பது ஷிப்ட் ஒன்றுதான். அந்த அரை ஷிப்டை அவர் நிறுத்தினால், சம்பள விகிதத்தில் ஒரு பைசாவும் குறையாமலே தொழிலாளியின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சுதந்திர வணிகம் அமெரிக்கத் தொழிலாளியை ஒழித்ததே என்ற கேள்வி நியாயமானது. 1990 வாக்கில் அங்கே ஏறத்தாழ 9 லட்சம் பேர் ஆடை தைத்தார்கள்; இப்போது ஒரு லட்சத்துக்கும் கீழே. அவர்கள் இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் இந்த வரி அவர்களுக்கு அந்த வேலையைத் திருப்பித் தராது. இந்தியாவுக்கு 50 சதவீதமான அதே 2025 ஆகஸ்டில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதமாக இருந்தது. ஆர்டர் போன திசை அதுதான். உலகமயம்தானே திருப்பூரை வளர்த்தது என்பதும் உண்மை. 2005இல் ஏற்றுமதி ஒதுக்கீட்டு (கோட்டா) முறை முடிந்தபின் ஊர் பெருகியது. ஆனால் லாபம் வந்த ஆண்டுகளில் பங்கு கேட்க முடியாதவர்கள், நட்டம் வந்தவுடன் முதல் பங்குதாரர்களாகிறார்கள். என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஒன்றிய அரசு பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை 2025 டிசம்பர் வரை நீக்கியது, ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் உத்தரவாதம் அறிவித்தது. இரண்டும் தேவையானவை, இரண்டும் கம்பெனிக் கணக்கில் சேர்பவை. தொழிலாளிக்கோ, ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சந்தா போயிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் மிஷின் ஓடினால் அந்த 78 நாளே எட்டாமல் போகலாம். சலுகை பெறும் கம்பெனி ஆறு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் 78 நாளாவது வேலை தந்ததைச் சம்பளப் பதிவேட்டில் காட்ட வேண்டும் என்று அரசு நிபந்தனை வைக்க வேண்டும்.