இணைய ஏட்டினின்று நூலுக்கு

வாணியாறும் பாப்பிரெட்டிப்பட்டியும் பற்றி ஈராண்டாய் இணையத்தில் வாரந்தோறும் எழுதிய யாம், அவற்றை நூலாக்கக் கருதி, சென்ற விடுமுறையில் அச்செடுத்து ஒருங்கே படித்தோம். அந்தோ! எம் பாட்டனார் நான்கு கட்டுரைகளில் இறக்கின்றார். ஒவ்வொன்றிலும் அவர்தம் இறுதிச்சொல் வேறு! வாரமொன்றாய்ப் படித்த நண்பர்களுக்கு இது புலப்பட்டிலது, எமக்குமே புலப்பட்டிலது.

முன்னர் எம் தருமபுரியில் தொலைபேசித் துறையிற் பணிபுரிந்த எழுத்தாளர் ஜெயமோகன், 2014 முதல் 2020 வரை வெண்முரசை நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டார். அது 26 நாவல்களாய் நூலுருவும் பெற்றது. மகாபாரதமென்னும் ஒரே கதை அந்நாள்களையெல்லாம் கோத்து நின்றது. எம் ஏடுகளைக் கோக்க யாதுளது? பாட்டனாரேயன்றிப் பிறரிலர்.

நான்கையும் நீக்கினோம். அவர் மறைந்த இரவில் யாம் விடுதியில் உறங்கிக்கொண்டிருந்தோம். அவர் மொழிந்தது எதனையும் கேட்டிலோம். நூலின் முதலியல் அவ்வுறக்கத்தினின்றே தொடங்குகின்றது.