பாஸ்டனில் ஓசை அடங்கிய நேரம்

வயலின்காரர்கள் வில்லை எடுத்துவிட்டார்கள். ஓசை மட்டும் போகவில்லை. கூரைக் குழிவுகளிலும், மாடங்களில் நிற்கும் 16 கிரேக்க, ரோமானியச் சிலைகளுக்கு நடுவிலும் உலாவி, தேய்ந்து தேய்ந்து அடங்கியது. ஏறத்தாழ இரண்டு வினாடி. பாஸ்டன் சிம்பனி ஹாலில் என்னைச் சிலிர்க்க வைத்தது அந்தக் கார்வைதான்.

வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே, செருப்புப் பெட்டியைப் போல நீண்டு உயர்ந்த கூடம். அகலம் சுமார் 23 மீட்டர்தான். சுவர்கள் நெருங்கியிருப்பதால், மேடையிலிருந்து நேரே வரும் ஒலியை அடுத்து, சுவரில் பட்ட ஒலியும் உடனே காதுக்கு வந்துவிடுகிறது. அது எதிரொலியாகப் பிரிந்து கேட்பதில்லை. நாதத்துக்குச் செழுமை கூட்டுகிறது.

அந்தக் கார்வைக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அதன் பிறப்பிடம் சார்லஸ் ஆற்றின் அக்கரையில் உள்ள ஹார்வர்ட். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஓர் உரை அரங்கில், பேசிய சொல் ஐந்தரை வினாடி அலைந்ததாம். ஒரு சொல் ஓய்வதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து மோதின. காரணம் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவர் வாலஸ் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியர்.

ஊர் உறங்கிய பிறகே அவருக்கு வேலை. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்புவார். ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்துவார். ஓசை காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். இப்படி எத்தனையோ இரவுகளுக்குப் பிறகு விதி பிடிபட்டது: அறையின் கொள்ளளவு கூடினால் கார்வை நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறுகும். மனித உடம்பும் உடையும்கூட ஒலியை உறிஞ்சும் என்பதால், தான் அணியும் ஆடையைக்கூட மாற்றாமல் பார்த்துக்கொண்டார்.

அந்த விதியைக் கொண்டு வடிவமைத்த முதல் இசையரங்கம் பாஸ்டன் சிம்பனி ஹால். 1900 அக்டோபர் 15-இல் திறந்தார்கள். தோல் இருக்கைகள் இன்றும் அன்று போட்டவையே.

இடைவேளை முடிந்து என் இருக்கையில் மறுபடி அமர்ந்தேன். ஆளில்லாத அரங்கின் ஒலி வேறு, நிறைந்த சபையின் ஒலி வேறு. இந்த நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்தால் எவ்வளவு ஒலி குறையும் என்று, நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் இரவெல்லாம் விழித்துக் கணக்கிட்டிருக்கிறார். மடியில் கிடந்த கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அசையாமல் கேட்டேன்.