பரணில் இருக்கும் பூட்ஸ்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு விசா கிடைத்த சந்தோஷத்தில் அம்மா தூங்கவே இல்லையாம். நீங்கள் மட்டும் போனில், "அங்க வந்து நான் என்னடா பண்ணப் போறேன், ஆட்டம் முடிஞ்ச ஆளு" என்றீர்கள். அது மூன்று நாளாக மனதை உறுத்துகிறது. பேசினால் நடுவில் மறித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஈஸ்ட் ரதர்ஃபோர்டு போயிருந்தேன். பழைய ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் இப்போது இல்லை. 2010-ல் இடித்துவிட்டார்கள், பக்கத்திலேயே மெட்லைஃப் ஸ்டேடியம் நிற்கிறது. 1977 அக்டோபர் 1-ல் பெலே விடைபெற்றது அந்தப் பழைய மைதானத்தில்தான். நல்ல மழையாம். முதல் பாதி காஸ்மாஸ் அணிக்கு ஆடினார், இரண்டாம் பாதி தன்னை வளர்த்த சான்டோஸ் அணிக்கு. இடைவேளையில் பத்தாம் நம்பர் சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால்தான் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் சேற்றில் காஸ்மாஸ் மோகன் பகானோடு ஆடி 2-2 டிரா. அதை ரேடியோவில் கேட்ட கதையை வியாசர்பாடி வீட்டு வாசலில் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்!

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் சொன்னதே இல்லை மாமா. 1987 ஜனவரியில் சாவ் பாவ்லோவில், ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு கால்பந்து உலகக் கோப்பை நடந்தது. கோபா பெலே என்று பெயர். லூசியானோ டோ வாலே என்ற வர்ணனையாளரின் முயற்சி. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, இத்தாலி, மேற்கு ஜெர்மனி ஆடின. இத்தாலிக்கு எதிராக 46 வயதுப் பெலே பூட்ஸ் கட்டி இறங்கினார். ரிவெலினோவும் அந்தப் பிரேசில் அணியில் இருந்தார். கோப்பை மட்டும் அர்ஜென்டினாவுக்குப் போனது. சொந்த மண்ணில், சொந்த ஜனங்கள் முன்னால் தோல்வி! ஆனாலும் 1989-ல் திரும்ப வந்து ஜெயித்தார்கள். 1991-ல் அதே போட்டி இங்கே மயாமியில் நடந்தபோதும் பிரேசில்தான்.

நீங்களோ 38 வயதில், கடைசி லீக் ஆட்டத்தில் பெனால்டி வெளியே போன அன்று ராத்திரியே பூட்ஸைப் பரணில் போட்டீர்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு எட்டு வயது. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் ஞாயிறு காலையில் அறுபது தாண்டியவர்கள் கால்பந்து ஆடுகிறார்கள். ஈக்வடார்காரர், எகிப்துக்காரர், போலந்துக்காரர் எல்லாரும் உண்டு. ஓடக் கூடாது, நடந்தே ஆட வேண்டும், எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். 2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கிய ஆட்டமாம். முழங்காலுக்குச் சுமை குறைவு. ஆனால் பந்து காலுக்கு வருமுன்னே யாருக்குத் தள்ளுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண் உங்களுக்கு உண்டு. இடது காலில் ஆடுகிறவர் ஒருவர் வருகிறார் என்று அவர்களிடம் சொல்லிவைத்துவிட்டேன். எந்த ஞாயிறு என்று வாராவாரம் கேட்கிறார்கள்.

பூட்ஸ் இன்னும் பரணில்தானே? நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தோல் வெடித்திருந்தால் அளவை மட்டும் எழுதுங்கள், இங்கே வாங்கி வைக்கிறேன். முழங்கால் பட்டையை மறக்காமல் வைக்கும்படி அத்தையிடம் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்