கார் பேட்டரியும் ஒரு சைக்கிள் ட்யூபும்

எங்க வீட்ல 1998 மாடல் மாருதி 800 ஒண்ணு இருக்கு. அப்பா வாங்கினது, விக்க மனசு வரல. அதோட பேட்டரியை மாத்தின கதை இது. ஒரு டாக்டர் ஏன் பேட்டரி பத்தி எழுதணும்னு தோணலாம். படிச்சுட்டு சொல்லுங்க.

பழைய பேட்டரி நாலு வருஷம் உழைச்சுட்டு ஒருநாள் காலைல கைவிட்டுடுச்சு. கடைக்குப் போனேன். 12 வோல்ட், 35 ஆம்பியர்-ஹவர். அது பிரச்சனையே இல்ல, எங்கேயும் கிடைக்கும். பிளஸ் முனை இடது பக்கமா வலது பக்கமான்னு மட்டும் பழைய பேட்டரியைப் பார்த்துச் சொல்லணும். மாறிப்போனா வயர் எட்டாது.

பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தா விலைல கழிச்சுக்குவாங்க. கொடுத்துடுங்க, வீட்ல போட்டு வைக்காதீங்க. உள்ள இருக்கறது ஈயம், குழந்தைங்க மூளைக்கு ஆகாத சாமான்.

மாட்டும்போதுதான் சிக்கல். பேட்டரியை அமுக்கிப் பிடிக்க மேல ஒரு இரும்புப் பட்டையும், ரெண்டு பக்கமும் கொக்கி வச்ச கம்பியும் இருக்கும். அதுல ஒரு கம்பி துருப்பிடிச்சு, நட்டைக் கழட்டும்போதே உடைஞ்சு வந்துடுச்சு. புது பேட்டரி வேற பழசை விடக் கொஞ்சம் குள்ளம். மாட்டிவிட்ட பையன் ஒரு சைக்கிள் ட்யூபை எடுத்து இழுத்துக் கட்டினான். "அசையாது சார், நான் கேரண்டி." எனக்கு ஓ.பி.க்கு நேரமாச்சு. "சரி தம்பி"ன்னு கிளம்பிட்டேன். பையனைக் குறை சொல்லி என்ன பண்றது, சரின்னு சொன்னது நான்தான்.

மூணு வாரம் கழிச்சு விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து போன். லாஸ்பேட்டைல இருந்து கிளம்பி, கொக்கு பார்க் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல அவசரத்துல வேகமா ஏத்தி இறக்கினேன். முன்னாடி 'டொக்'னு ஒரு சத்தம். ஹெட்லைட் மங்கிச்சு. பானட் இடுக்குல புகை.

வண்டியை ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினேன். எஞ்சின் சூட்டுல ட்யூப் இத்துப்போய் அறுந்து கிடந்தது. பேட்டரி நகர்ந்து ட்ரே விளிம்பு மேல ஏறி நின்னது. பிளஸ் முனை பானட்டோட உள்பக்கத் தகரத்துல உரசி, தகரம் எட்டணா அளவுக்குக் கருகி ஓட்டை விழுந்திருந்தது.

நடந்தது இதுதான். காரோட இரும்பு உடம்பு முழுக்க மைனஸ் முனையோட சேர்ந்தது. பிளஸ் முனை அந்தத் தகரத்துல பட்டா நேர் ஷார்ட் சர்க்யூட். நடுவுல ஃப்யூஸ் கிடையாது. இத்தனூண்டு பேட்டரி அந்த நொடியில நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தகரமே உருகும்னா பக்கத்துல இருக்கற வயர் எம்மாத்திரம்.

இதை விடப் பெரிய முட்டாள்தனம், நான் மூஞ்சியை நேரா அது மேல வச்சுப் பார்த்தது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காத்துல 4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறிக்குப் பத்திக்கும். பேட்டரி வெடிச்சா உள்ள இருக்கற கந்தக அமிலம் நேரா கண்ணுல. அன்னைக்கு வெடிக்கல, அவ்ளோதான். நீங்க புகையைப் பார்த்தா எஞ்சினை நிறுத்திட்டு, எல்லாரையும் இறக்கித் தள்ளி நில்லுங்க.

காஷுவாலிட்டில வேலை பார்த்த காலத்துல பேட்டரி ஆசிட் கண்ணுல தெறிச்சு ஒரு மெக்கானிக் வந்தார். நாப்பது வயசு இருக்கும். கூட இருந்தவங்க எங்கேயோ தாய்ப்பால் வாங்கி ஊத்தி, ஈரத்துணி கட்டி, ஒரு மணி நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. கருவிழி வெள்ளை பூத்துப் போயிருந்தது. "பட்டறைல தண்ணிக் குழாய் இல்லையா?"ன்னு கேட்டேன். "வாசல்லயே இருக்கு சார்"னு சொன்னாங்க. அந்தப் பதில் இன்னும் என்னை விட்டுப் போகல.

கண்ணுல ஆசிட் பட்டா பாலும் வேணாம், எண்ணெயும் வேணாம், ஆப்பசோடாவும் வேணாம். இமையை விரல்ல விரிச்சுப் பிடிச்சு, சுத்தமான தண்ணியை விடாம 20 நிமிஷமாவது ஊத்துங்க. லென்ஸ் போட்டிருந்தா கழுவிட்டே எடுத்துடுங்க. அப்புறம் கண் ஆஸ்பத்திரி. ஆட்டோல போகும்போதும் பாட்டில் தண்ணி ஊத்திட்டே போகலாம். முதல் சில நிமிஷத்துல நீங்க ஊத்தற தண்ணி செய்யறதை பின்னாடி நாங்க போடற எந்தச் சொட்டு மருந்தும் செய்யாது.

இன்னொண்ணு, மோதிரம். 12 வோல்ட்ல ஷாக் அடிக்காதுன்னு தைரியமா கை வைப்போம். ஷாக் அடிக்காதுதான். ஆனா பிளஸ் முனைக்கும் தகரத்துக்கும் நடுவுல மோதிரம் மாட்டிக்கிச்சுன்னா நொடியில பழுக்கக் காய்ஞ்சு விரலைச் சுத்தி வெந்துடும். வாட்ச், மோதிரம், காப்பு எல்லாம் கழட்டிட்டு வேலை பாருங்க. கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசியா மைனஸ். மைனஸ் கழன்டுட்டா ஸ்பேனர் தவறித் தகரத்துல பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

1859-ல காஸ்டன் பிளாந்தேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் உருவாக்கினது இந்த ஈய-அமில பேட்டரி. அப்போ நம்ம ஊரும் பிரெஞ்சுக்காரங்க கையிலதான் இருந்தது. அவங்க போயும் இது போகல. உள்ள இன்னும் அதே ஈயம், அதே அமிலம்.

அன்னைக்கு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி போய்ச் சேர இருபது நிமிஷம் லேட். டியூட்டி டாக்டர் சமாளிச்சிருந்தாங்க, நோயாளிக்கு ஒண்ணும் ஆகல.

இந்த மாடல் 2014-லயே நின்னு போச்சு. கம்பிக்கு ரெண்டு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கல. ஞாயித்துக்கிழமை காந்தி வீதிச் சந்தைலயும் தேடியாச்சு. கடைசில ஒரு லேத் பட்டறைல உடைஞ்ச கம்பியைக் காட்டி, அதே அளவுல ரெண்டு செஞ்சு வாங்கினேன். 250 ரூபாய். பேட்டரிக்கு அடியில ஒரு ரப்பர் ஷீட், பிளஸ் முனைக்கு ஒரு மூடி. பட்டை ரெண்டு முனையிலயும் படாம, டப்பா நசுங்காத அளவுக்கு முறுக்கினோம். ரெண்டு கையால பேட்டரியைப் பிடிச்சு ஆட்டினா மொத்த வண்டியும் ஆடணும், பேட்டரி மட்டும் தனியா ஆடக் கூடாது. உங்க வண்டிலயும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. ஆட்டோ, டாடா ஏஸ் வச்சிருக்கறவங்க முக்கியமா.

ட்யூப் கட்டின பையன்கிட்ட வண்டியை எடுத்துட்டுப் போய் அந்த ஓட்டையைக் காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தான். ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சார், இதே மாதிரி இன்னும் ரெண்டு வண்டிக்குக் கட்டியிருக்கேன்"னு சொல்லிட்டு போனை எடுத்து நம்பர் தேட ஆரம்பிச்சான்.