பத்துப் பொருத்தமும் ரிச்சி தெருவும்

கலியாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்களைக் கண்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. அதே பிள்ளைகள் ஒரு கம்ப்யூட்டருக்குச் சாமான் சேர்க்கும்போது பார்க்கிற பொருத்தங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கண்டால் நம் ஜோசியர்கள் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்! இந்தப் ப்ராசஸர் அந்த மதர்போர்டில் உட்காருமா, அந்த போர்டு இந்த ராமை ஏற்குமா, கிராபிக்ஸ் கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று ஒரு பெரிய குடும்ப சமாசாரமே நடக்கிறது. நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ ‘கேமிங் பி.சி.’ என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தால், கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள்.

மணலி புதுநகரில் இருக்கும் என் தம்பி மகள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினிதான் அவளுடைய முதல் சொத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம், அரிசி மூட்டையோடு அதையும் நனைத்துவிட்டுப் போயிற்று. பிறகு மாதம் 2,500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் எடுத்துவைத்தாள். 60,000 ரூபாய். பண்டிகைப் புடவை, தோழிகளோடு சினிமா எல்லாவற்றையும் தள்ளிவைத்துச் சேர்த்த பணம். அவள் அம்மாவுக்கு மட்டும் அடிவயிறு கலங்கியது.

“அறுபதாயிரத்தைக் கொண்டுபோய் விளையாட்டிலே போடறாளே, மாமா! பொட்டுத் தங்கமாவது வாங்கி வைக்கக் கூடாதா? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

என்னை மத்தியஸ்தத்துக்கு அழைத்தது கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காக அல்ல. முப்பது வருஷம் மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்தது கரண்டு ஒன்றுதான். ஆனால் கம்ப்யூட்டரும் கரண்டில் ஓடுகிற சாமான்தானே?

முதலில் அந்த அம்மாளின் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘விளையாட்டு’ என்றதும் அவள் மனசில் எழுந்தது பணம் வைத்து ஆடும் ரம்மி. அது வேறு, இது வேறு. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம்கூடப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்து, ‘இ-ஸ்போர்ட்ஸ்’ என்ற போட்டி விளையாட்டைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. அதுவும் போகட்டும், கேரம் பலகையைச் சுற்றி நின்றாலே உருப்படாது என்று பெரியவர்கள் விரட்டிய காலம் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தவர் நம் வட சென்னைப் பெண் காசிமா அல்லவா? “அவள் சம்பாத்தியம், அவள் ஆசை. உருப்படியாக வாங்குகிறாளா என்று மட்டும் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முழு மனசோடு தலையாட்டவில்லை. பாதித் தலைதான் ஆடிற்று.

சரி, எங்கே தொடங்குவது? ப்ராசஸரிலிருந்து தொடங்குவார்கள் பலர். என் தம்பி மகள் திரையிலிருந்து தொடங்கினாள். அதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. வீட்டில் இருந்த டி.வி.யின் திரையில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் வினாடிக்கு 60 படமாவது வேண்டுமாம். அப்படியானால் வினாடி ஒன்றுக்கு 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகளுக்கு வர்ணம் பூசியாக வேண்டும்! இந்த வேலையைச் செய்வதற்கென்றே பிறந்தது கிராபிக்ஸ் கார்டு. ‘4 கே’ என்ற பெரிய திரையானால் புள்ளிகள் நான்கு மடங்கு. கார்டின் விலையும் எங்கேயோ போய்விடும். நம் திரைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கார்டு போதும். ஆகவே 2021-இல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 என்ற கார்டை, 8 ஜி.பி. நினைவகத்தோடு, தேர்ந்தெடுத்தாள். கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. போகட்டும். விளையாட்டுக்கென்று வாங்குகிற பெட்டியில் மாப்பிள்ளை அதுதான்.

(டி.வி. என்றதும் ஞாபகம் வருகிறது. 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி. எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதையே மானிட்டராக வைத்துக்கொள்ளேன் என்றேன். எச்.டி.எம்.ஐ. வயர் சொருக அதில் துவாரம் ஏது என்று அவள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.)

அடுத்தது ப்ராசஸரும் மதர்போர்டும். இதிலேதான் ரஜ்ஜுப் பொருத்தம். இன்டெல் ப்ராசஸர் ஏ.எம்.டி. போர்டில் உட்காராது. ஏ.எம்.டி.யிலேயே 2016-இல் வந்த ஏ.எம்.4 என்ற குழி வேறு, 2022-இல் வந்த ஏ.எம்.5 என்ற குழி வேறு. பின்னதற்கு டி.டி.ஆர்.5 ராம்தான் வேண்டும், முன்னதற்கு டி.டி.ஆர்.4. இரண்டு ராமிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், மாற்றிச் சொருகலாம் என்றாலும் நுழையாது. புதிய குழியை வாங்கினால் நாளைக்கு இன்னும் வேகமான ப்ராசஸர் போட்டுக்கொள்ள இடம் உண்டு. பழையதில் அந்த வழி ஏறக்குறைய முடிந்துவிட்டது. இருந்தாலும் பழையதையே எடுத்தோம். காரணம், ராம்.

2025-ஆம் வருஷத்துக் கடைசி மாதங்களில் ராம் விலை ஏறியது பாருங்கள், தங்கம் தோற்றது! செயற்கை அறிவு வளர்ப்பதற்காக உலகெங்கும் ராட்சதக் கணினி மையங்கள் கட்டுகிறார்கள் அல்லவா? நினைவகச் சில்லு செய்கிற தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சில மாதங்களில் விலை இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. எங்கேயோ ஒரு யந்திரம் கவிதை எழுதக் கற்றுக்கொள்கிறது. அதற்கு மணலி புதுநகரில் ஒரு பெண் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது! 32 ஜி.பி. என்று எழுதியிருந்ததை அடித்து 16 என்று எழுதினாள். அதையும் ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கச் சொன்னாள். ஒற்றை மாட்டுக்கும் ஜோடி மாட்டுக்கும் உள்ள வித்தியாசம்; இரண்டு பாதையில் ஒரே சமயத்தில் தகவல் போய்வரும். ப்ராசஸர், ரைசன் 5 5600. ஆறு கோர். அதை ஆற வைக்கும் விசிறி டப்பாவுக்குள்ளேயே வருவதால், தண்ணீர் ஓடும் கூலருக்கெல்லாம் பணம் கொட்ட வேண்டாம்.

இவ்வளவும் காகிதத்தில். ஒரு சனிக்கிழமை திருவொற்றியூர் வந்து மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தெரு இருப்பதைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும். சாலையில் நடக்க இடமில்லை. கடையில் நிற்க இடமில்லை. ஆனால் உலகத்தில் உள்ள வயரெல்லாம் அங்கே தொங்குகிறது. “என்ன சார் வேணும், உள்ளே வாங்க சார்” என்ற குரல்களுக்கு நடுவே, கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பெண் நேராக நடந்தாள்.

ஒரு கடையில் கண்ணாடிக் கேபினெட் ஒன்று நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நாலு விசிறி. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெளிச்சம் மாறி மாறி ஓடியது. திருவொற்றியூர்த் தேர் அலங்காரம் கெட்டது! பெண்ணின் கண் அதில் நிலைத்துவிட்டதை நானும் பார்த்தேன், கடைக்காரத் தம்பியும் பார்த்துவிட்டார்.

“இந்த கேபினெட் எடுத்தீங்கன்னா எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீ சார். 450 வாட்!”

என் காதில் ‘ஃப்ரீ’ விழவில்லை, ‘வாட்’ விழுந்தது. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக் கரண்டை வாங்கி 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழாகவும் மாற்றிக் கொடுக்கும் டப்பா. யார் கண்ணிலும் படாது, படம் ஓட்டாது, பெருமை பேசாது. வீட்டில் சமையலறையில் நிற்பவளைப் போல. “தம்பி, அதைக் கொஞ்சம் கழற்றிக் காட்டுங்கள்” என்றேன். பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் 450. கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர்.

நேயர்களே, இந்தச் சின்னப் பெருக்கலை மட்டும் மறக்காதீர்கள். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். ப்ராசஸருக்கு 65, கார்டுக்கு 132, ஆக 197. விசிறி, போர்டு என்று ஒரு 50, 60 சேர்த்தால் 250-ஐத் தாண்டிவிடும். 192 எப்படித் தாங்கும்? தாங்காத சுமையை ஏற்றினால் மோட்டாரில் காயில் எரியும், அதோடு போயிற்று. இங்கே அப்படியில்லை. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகிறபோது மதர்போர்டையும் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகக்கூடும்.

நான் பேசவில்லை. காகிதத்தின் ஓரத்தில் அந்தப் பெருக்கலை மட்டும் போட்டு அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். ஓடுகிற வெளிச்சத்தைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்காரத் தம்பியிடம், “அண்ணா, லைட் இல்லாத, முன்னாலே வலை போட்ட கேபினெட் காட்டுங்க. 550 வாட்டிலே நல்ல எஸ்.எம்.பி.எஸ். தனியா காட்டுங்க” என்றாள். தனியாக எடுத்த டப்பாவில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர். 540 வாட். அதுதான் டப்பா! மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு ‘80 பிளஸ்’ முத்திரையும் இருந்தது. ஐந்து வருஷ வாரண்டி.

இன்னொரு கடையில், பழைய கார்டு பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு காலத்தில் ஈதர் என்ற எண்மப் பணத்தை உண்டாக்க உலகம் பூராவும் இந்தக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறையே மாறிப்போனதும், ஓடிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. பழசென்றால் எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பழைய மோட்டாரை வைத்துப் பிழைத்தவன் அப்படிச் சொல்லலாமா? கண் முன்னே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். காட்டாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். எங்களுக்கு ஓட்டிக் காட்ட நேரமில்லை என்றார்கள், கும்பிடு போட்டோம்.

பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று காதோடு சொல்பவர்களும் உண்டு. வரி ஒரு பக்கம் இருக்கட்டும். பில்லில் சாமானின் வரிசை எண் இருந்தால்தான் நாளைக்கு வாரண்டி கேட்க வாயிருக்கும். இரண்டு வருஷச் சேமிப்புக்கு ஒரு காகிதமாவது சாட்சி வேண்டாமா?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பாய் விரித்துப் பரப்பி, அவளே முடுக்கினாள். என் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சுவரில் மூன்று துவார பிளக் இருப்பதால் எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. எர்த் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஒரு அரிப்புத் தெரியும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டர்கள் வழியாக 230-இல் பாதி வோல்ட் வெளித் தகட்டில் வந்து நிற்கும், அதுதான் காரணம். உப்புக் காற்று அடிக்கிற எங்கள் பகுதியில் எர்த் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. தம்பி வீட்டில் அது குழியோடு அறுந்தே கிடந்தது. புதுக் குழி போட்டு, புதுக் கம்பி இழுத்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க விட்டேன். யு.பி.எஸ். வாங்குவோரும் பெட்டியில் வி.ஏ.வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று போட்டிருப்பது சாதாரணமாக 360 வாட்டுத்தான் தரும்.

தூசிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மாதம் ஒரு முறை முன் வலையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். பெட்டி இருப்பது மேஜைக்குக் கீழே அல்ல. சுவரில் ஆங்கிள் அடித்துப் போட்ட பலகையில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில். 2023-இல் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு மேலே இரண்டு சாண் விட்டுத்தான் அளந்தோம்.

இப்போது இரவு ஒன்பது மணிக்குமேல் அந்த வீட்டு டி.வி.யில் சீரியல் கிடையாது. அந்த அம்மாளுக்கு அதில் மகா கோபம். மகளோ மானிட்டருக்கு மாதம் 1,000 ரூபாய் எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் போனபோது அந்த அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, “மாமா, நானும் மாசம் ஐந்நூறு போடறேன். சீக்கிரம் அதை வாங்கிக் கொடுத்துடுங்க” என்றாள்.