பார்பரெஸ்கோவின் ஐம்பது குடும்பங்கள்

இத்தாலியின் வடமேற்கில், பியமோன்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளில், தனாரோ ஆற்றுக்கு மேலே இருக்கிறது பார்பரெஸ்கோ. ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். பழைய கோபுரம் ஒன்று, தேவாலயம் ஒன்று, தேவாலயத்துக்கு எதிரே 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' என்ற கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின் கூடம். ஏறத்தாழ ஐம்பது விவசாயக் குடும்பங்கள், நூறு ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான தோட்டம், ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் பாட்டில். கூட்டுறவு ஒயின் என்றாலே மட்டமான சரக்கு என்று நினைப்பவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். இந்தச் சங்கத்தின் ஒயினையோ பேர்போன தனியார் தோட்டங்களின் ஒயினுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார்கள். ஊர் ஒற்றுமைதான் இதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இங்கே பார்த்தவற்றை வைத்து யோசித்தால் எனக்கு அது போதவில்லை. நல்ல விலை கிடைக்கும்வரை எல்லா ஊரிலும் ஒற்றுமை இருக்கும். விலை விழுந்தால் கலைந்துவிடும். பார்பரெஸ்கோவைத் தாங்கி நிற்பவை உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கண்டிப்பான சில விதிகள்.

நெபியோலோ என்ற கறுப்புத் திராட்சைதான் இந்த ஊரின் வாழ்வும் வில்லங்கமும். சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும் கொடி அது. அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மூடுபனி இறங்கத் தொடங்கிவிடும். இடையில் ஒரு ஆலங்கட்டி மழை பெய்தால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீண். வெயில் நன்றாக விழும் சரிவில், சுண்ணாம்பு கலந்த களிமண்ணில் வைத்தால்தான் சரியாக வரும். இப்படிப்பட்ட பயிரை வைத்திருந்தவர்கள் இரண்டு, மூன்று ஹெக்டேர் நிலக்காரர்கள். பீப்பாய் வாங்கி, இரண்டு ஆண்டு ஒயினை முடக்கி வைக்க அவர்களிடம் முதல் இல்லை. அறுவடையானதும் பக்கத்து நகரமான ஆல்பாவின் சந்தைக்குக் கொண்டுபோய், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பழுத்த திராட்சையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்பது வியாபாரிக்கும் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இந்தப் பழத்தில் பெரும்பங்கு பரோலோ என்ற பக்கத்து வட்டாரத்தின் ஒயினுக்குள் பெயரில்லாமல் கரைந்தது. 1894இல் அதை மாற்றியவர் வெளியூர்க்காரரான தொமித்சியோ கவாத்சா. ஆல்பாவின் ஒயின் கல்லூரித் தலைவராக இருந்த அவர், ஒன்பது தோட்டக்காரர்களைச் சேர்த்து, பார்பரெஸ்கோவில் தமக்கிருந்த கோட்டையிலேயே கூட்டாக ஒயின் செய்ய வைத்தார். ஊரின் பெயரில் ஒயின் தலையெடுத்தது அப்போதுதான். ஃபாசிச ஆட்சியின் பொருளாதார விதிகளால் 1920களில் அந்தச் சங்கம் மூடப்பட்டது. பழைய வறுமை திரும்பி வந்தது. லாங்கே விவசாயிகளின் அந்த வறுமையைத்தான் ஆல்பாக்காரரான பெப்பே ஃபெனோலியோ தம் 'லா மலோரா' நாவலில் எழுதினார். போருக்குப் பிறகு இளைஞர்கள் தூரினின் ஃபியட் ஆலைக்கும் ஆல்பாவின் ஃபெரேரோ ஆலைக்கும் போகத் தொடங்கினார்கள். ஊர் காலியாகிவிடும் என்று அஞ்சிய பங்குத்தந்தை ஃபியோரினோ மரெங்கோ 1958இல் 19 விவசாயிகளைத் திரட்டினார். முதல் மூன்று அறுவடைகளின் ஒயின் தேவாலயத்தின் நிலவறையில்தான் தயாரானது.

பாதிரியாரின் நல்ல மனம் சங்கத்தைத் தொடங்கி வைத்தது; அது நிலைத்ததற்கு விதிகளே காரணம். உறுப்பினர் தம் நெபியோலோ முழுவதையும் சங்கத்துக்கே தர வேண்டும். நல்ல கொத்துகளைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு மீதியைச் சங்கத்தின் தலையில் கட்டும் வழி இதனால் அடைபடுகிறது. எத்தனையோ கூட்டுறவுகள் செத்தது அந்த வழியில்தான். அடுத்தது விலை. பால் சங்கத்தில் கொழுப்புச் சத்துப் பார்த்துக் காசு கொடுப்பதைப் போல, இங்கே பழத்தின் தரம் பார்த்துக் காசு. சர்க்கரை அளவில் தொடங்கிய சோதனை பிறகு தோலில் உள்ள நிறத்தையும் துவர்ப்பையும் அளப்பதுவரை வளர்ந்தது. இதன் விளைவைத் தோட்டத்தில் பார்க்கலாம். எடைக்குக் காசு என்றால் எந்த விவசாயியும் காய்த்த கொத்தை வெட்டி எறிய மாட்டார். கோடையில் கொடிக்குச் சில கொத்துகளை மட்டும் விட்டு மீதியைத் தரையில் தள்ள அவருக்கு மனம் வருகிறது என்றால், மிச்சமிருப்பது கூடுதல் விலைக்குப் போகும் என்ற உறுதி அவருக்கு இருப்பதால்தான். குளிர்காலக் கவாத்திலிருந்து அறுவடைவரை ஒவ்வொரு கொடியையும் கையால் தொட்டுச் செய்யும் வேலை இது. சரிவில் நின்று செய்பவரின் முழங்கால் அறியும்.

இப்படி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் தனித்தன்மை போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. எல்லார் பழத்தையும் ஒரே தொட்டியில் கொட்டினால், அருமையான சரிவு வைத்திருப்பவரின் உழைப்பு அடையாளம் இழக்கும். சங்கம் இதற்கு 1967இல் விடை கண்டது. அஸிலி, ரபயா, மொந்தெஸ்தெஃபனோ, ஒவெல்லோ போன்ற பேர்பெற்ற தோட்டப் பகுதிகளின் பழத்தைத் தனித்தனியே புளிக்க வைத்துத் தனிப் பாட்டிலில் அடைக்கத் தொடங்கியது. இன்று அப்படி ஒன்பது பகுதிகள் இருக்கின்றன. ஒன்பதுக்கும் ஒரே செய்முறை, ஒரே வகைப் பெரிய ஓக் பீப்பாய்கள். ஆகவே நாக்கில் தெரியும் வித்தியாசம் மண்ணுடையது, சரிவுடையது. தோட்டக்காரர்களின் பெயர்களும் பாட்டிலில் அச்சாகின்றன. ஆண்டு சரியில்லை என்று தோன்றினால் இந்தத் தனி ஒயின்கள் வெளிவருவதில்லை. அந்தப் பழமெல்லாம் பொது பார்பரெஸ்கோவுக்குள் போய் அதைத் தூக்கி நிறுத்துகிறது. கூடுதல் விலைக்கு விற்கக்கூடிய பெயரை ஒரு ஆண்டு முழுக்கப் பயன்படுத்தாமல் விடுவது ஐம்பது குடும்பங்களின் வருமானத்தைத் தொடும் முடிவு. இந்தச் சங்கத்தின் மீது எனக்கு மரியாதை கூடிய இடம் இதுதான்.

இது ஒரு ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம், மற்ற ஊர்களுக்குப் பொருந்தாது என்பவர்கள் உண்டு. தெற்கு இத்தாலியிலும் பிரான்சின் லாங்தோக்கிலும் எத்தனையோ கூட்டுறவுகள் மலிவு ஒயினைப் பெருக்கின. 1970களிலும் 80களிலும் விற்காத ஒயினை ஐரோப்பியச் சமூகம் காசு கொடுத்துக் காய்ச்சி வடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கெல்லாம் பெரும்பாலும் எடையும் சர்க்கரையுமே விலையைத் தீர்மானித்தன. தரத்தை முன்வைத்த கூட்டுறவு பார்பரெஸ்கோவோடு நின்றுவிடவும் இல்லை. 1893இல் தொடங்கிய தெர்லானோ கூட்டுறவு ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இன்றும் சிறந்த வெள்ளை ஒயின் செய்கிறது. நிலத்தின் விலை ஏறிவிட்ட இன்று, பிள்ளைகள் சொந்தப் பெயரில் பாட்டில் போடப் பிரிந்துபோவார்கள் என்ற எதிர்வாதத்துக்குத்தான் கனம் அதிகம். அப்படிப் போக ஆசைப்படுபவர் கூடம் கட்ட வேண்டும், கடன் வாங்க வேண்டும், நியூயார்க்வரை போய் விற்க வேண்டும். விவசாயியாகவே இருக்க விரும்புகிறவருக்கு அந்தச் சுமையிலிருந்து விடுதலை கொடுப்பது சங்கம்தான். அது நேரத்துக்குப் பணம் தரும்வரை பெரும்பாலோர் தங்குவார்கள் என்றே நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. உறுப்பினர் என்பவர் நிலக்காரர். லாங்கே முழுவதும் கவாத்துக்கும் அறுவடைக்கும் இன்று ஏராளமாக வருபவர்கள் வட மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். இடைத்தரகர்கள் மூலம் வேலைக்குச் சேர்ந்து, கூலியில் பிடித்தம் கொடுத்து, தங்க இடமில்லாமல் அல்லல்படுபவர்களின் வழக்குகள் இந்த வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் வெளிவந்திருக்கின்றன. அன்று ஆல்பா சந்தையில் வியாபாரி முன் நின்ற சிறு விவசாயியின் நிலையில் இன்று நிற்பவர் இந்தத் தொழிலாளிதான். தரகரை ஒழிக்க வழி கண்ட மண் இது. பழத்தைச் சோதித்து விலை போடத் தெரிந்த கூட்டுறவுகள், அந்தப் பழத்தைப் பறித்தவருக்கு நேரடி வேலை, எழுத்துப்பூர்வமான கூலி, தங்க ஒரு கூரை ஆகிய மூன்றையும் உறுப்பினர் விதியில் சேர்க்க வேண்டும். கொத்தை எடை போடும் இடத்திலேயே கூலிக் கணக்கையும் காட்டச் சொன்னால் போதும்; அதற்கான அதிகாரம் சங்கங்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.